எடைக்கல்லும் இடுப்பெலும்பும்

எங்கள் ஊர் வாசிப்பு வட்டத்தில் சென்ற ஆண்டு 'உடல்' குறித்து ஒரு கூட்டம் நடந்தது. கட்டுரை வாசித்த நண்பர் பூக்கோவில் தொடங்கி, உடல் என்பது இயற்கையானதல்ல, அதிகாரத்தால் எழுதப்படும் ஒரு பிரதி என்று முடித்தார். எனக்கு அப்போது ஐந்தாம் மாசம். கேட்டுக்கொண்டிருந்தபோது முதுகு வலித்தது. பிரதிக்கு முதுகு வலிக்குமா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. நண்பர் சொன்னது தப்பு என்பதால் அல்ல. அன்று காலைதான் ஓர் ஆஸ்பத்திரியில் என் உடம்பின்மீது எழுதி அனுப்பியிருந்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். எடை மெஷினில் ஏறச் சொன்னார்கள். ஒரு நர்ஸ் எண்ணைச் சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் அட்டையில் எழுதிக்கொண்டார். வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் அட்டையைப் பார்த்து, "ஏற்கனவே வெயிட் ஜாஸ்தி. இனிமே ஏறக் கூடாது, சோத்தக் கொறைங்க" என்றார். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் புரட்டிவிட்டு, "வைட்டமின் டி கம்மியா இருக்கு. குண்டா இருந்தா அப்படித்தான். வாரம் ஒரு பாக்கெட் பால்ல கலந்து குடிங்க" என்றார். ஒரு கை சோற்றை இழுத்துக்கொள்கிறது, மறு கை சத்தை நீட்டுகிறது. வீட்டுக்கு வந்தால் அம்மா தன் பங்குக்கு, "டாக்டரம்மா சொன்னது சரிதான். அரை வயிறா சாப்புடு. புள்ள பெருத்துட்டா எப்படி வெளிய வரும்?" என்றாள்.

அம்மா பள்ளிக்கூடம் தாண்டாதவள். டாக்டர் மேல்படிப்பு படித்தவர். இரண்டு பேரும் ஒரே கட்டளையை இடுகிறார்கள் என்பதுதான் என்னை உறுத்தியது. சுமக்கிறவளின் எடையும் வைட்டமின் டியும் ஒரே மேசையில் எப்போது வந்து உட்கார்ந்தன என்று தேடப் போனேன். நான் படித்தது தமிழ் எம்.ஏ. மருத்துவ வரலாற்றுப் புத்தகங்களை எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். வாசித்ததில் தெரிந்தது: அவை இரண்டும் இப்போது வந்து சேர்ந்தவை அல்ல. தொடங்கும்போதே ஒன்றாகத்தான் இருந்தன. இடையில் நின்றது ஓர் எலும்பு.

*

ரிக்கெட்ஸ் நோயை 1650-இல் பிரான்சிஸ் கிளிஸன் விரிவாக எழுதினார். அதன்பிறகு பல தலைமுறைகளுக்கு அது ஐரோப்பியத் தொழில் நகரங்களின் முத்திரையாக இருந்தது. புகையும் ஒட்டிக் கட்டிய கட்டடங்களும் வெயிலை மறைத்த சந்துகளில் வளர்ந்த குழந்தைகள். கால் வளைந்த பிள்ளைகளைத்தான் நாம் படங்களில் பார்க்கிறோம். கால் வளைந்தாலும் நடக்கலாம், ஆலை வேலைக்குப் போகலாம். முதலாளிக்கு அதில் பெரிய நட்டமில்லை. வளைவு காலோடு நிற்கவில்லை என்பதுதான் விஷயம்.

வைட்டமின் டி போதாமல் போனால் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. சுண்ணாம்பு ஏறாத எலும்பு மெத்தென்று கிடக்கும். உட்கார்ந்து எழுந்து நடக்கப் பழகும் குழந்தையின் மேலுடம்புப் பாரம் முழுக்க இடுப்புக்கூட்டின்மேல் இறங்குகிறது. முதுகெலும்பின் அடிப்பகுதி முன்னால் தள்ளிக்கொண்டு வர, பிள்ளை இறங்கும் வாசல் முன்பின்னாக நசுங்கிவிடுகிறது. சாதாரணமாக அந்த வாசல் முன்பின்னாகச் சுமார் 11 செ.மீ. பிள்ளைத் தலையின் அகலம் சுமார் ஒன்பதரை. மிச்சம் ஒரு விரல்கனம்தான். அந்த விரல்கனமும் போய்விட்டால்? மூன்று வயதில் கிடைக்காத வெயிலுக்கு இருபது வயதில் பிரசவத்தில் கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது.

மருத்துவர்களிடம் இருந்த வழிகள் சொல்லும்படியானவை அல்ல. வயிற்றுக்குள்ளேயே சிசுவின் மண்டையைத் துளைத்து, நசுக்கி, கொக்கி போட்டு இழுப்பது ஒன்று. ஏழு, எட்டாம் மாசத்திலேயே செயற்கையாக வலி வரவழைத்துக் குறைப்பிரசவம் செய்வது இன்னொன்று. வயிற்றைக் கிழித்தால் தாய் பெரும்பாலும் செத்துப்போவாள்.

மகப்பேறு மருத்துவம் தன் 'முதல்'களைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். அந்த முதல்களில் யார் படுத்திருந்தார்கள் என்று பாருங்கள். 1777-இல் பாரிஸில் சிகோ என்ற மருத்துவர் இடுப்பெலும்பின் முன்மூட்டை அறுத்து வாசலை அகலமாக்கினார். படுத்திருந்தவள் ரிக்கெட்ஸால் குள்ளமாகிப்போன, அதற்குமுன் நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு பெண். பிள்ளை பிழைத்தது; தாய் காலமெல்லாம் சிறுநீர் ஒழுகும் புண்ணோடு இருந்தாள். 1876-இல் இத்தாலியின் பவியாவில் போர்ரோ, சிசேரியன் செய்தவுடன் கருப்பையையே வெட்டி எடுத்துத் தாயைப் பிழைக்க வைத்தார். அவளுடைய இடுப்பும் ரிக்கெட்ஸ் இடுப்பு. 1888 ஏப்ரலில் கிளாஸ்கோவில் மர்டாக் கேமரன் செய்த புகழ்பெற்ற சிசேரியனில் படுத்திருந்தவள் நான்கு அடி உயரம்கூட இல்லை. அதே நோய். பிள்ளைக்கு சீசர் கேமரன் என்று பெயர் வைத்தாள். இன்று நகரத்து நர்சிங் ஹோம்களில் நாள் பார்த்துச் செய்யப்படும் அறுவையின் பாட்டி, வெயில் படாத சந்தில் வளர்ந்த இந்த ஏழைப் பெண்தான்.

'மருத்துவமனையின் பிறப்பு' எழுதிய பூக்கோவுக்கு மருத்துவப் பார்வை பற்றித் தெரிந்திருந்தது. பார்க்கப்பட்ட இந்த இடுப்புகள் பற்றி அங்கே பேச்சில்லை.

*

1889-இல் ஹாம்பர்க் நகரத்து மருத்துவர் லுட்விக் ப்ரோக்கோவ்னிக் ஒரு ஜெர்மன் மகப்பேறு மருத்துவ இதழில் சின்னதாக ஒரு கட்டுரை எழுதினார். செயற்கைக் குறைப்பிரசவத்துக்கு ஒரு மாற்று முயற்சி என்பது தலைப்பின் பொருள். மூன்று பெண்கள். மூவருக்கும் குறுகிய இடுப்பு. வாசலை அகலமாக்க முடியாது. வருகிறவனைச் சின்னதாக்கினால் என்ன? கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் அவர்களுடைய சாப்பாட்டைச் சுருக்கினார். கறி, முட்டை, மீன், கீரை கொஞ்சம் கொஞ்சம் உண்டு. ரொட்டி அளந்து தரப்படும். தண்ணீர் கூடாது, சூப் கூடாது, உருளைக்கிழங்கு, சர்க்கரை, பீர் எதுவும் கூடாது. தாகத்துக்குத் திராட்சை மது, அதுவும் அளவோடு. மெலிந்த, கொழுப்பில்லாத குழந்தைகள் பிறந்தன. உயிரோடு பிறந்தன.

இதை வாசித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். மண்டை துளைக்கும் கருவியைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் சாப்பாட்டு மேசையைப் பற்றி யோசித்திருக்கிறார். அந்த மூன்று பெண்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் தண்ணீர் குடிக்காமல் கிடந்திருப்பேன். அதிகாரம், கண்காணிப்பு என்று நாம் சொல்கிற சொற்களெல்லாம் இங்கே பொருந்தும். ஆனால் அந்தப் பெண்ணின் பயத்துக்கு அந்தச் சொற்களில் இடமில்லை. அம்மா சொன்ன 'அரை வயிறு' இதே பயத்திலிருந்துதான் வருகிறது. அது ஹாம்பர்க்கிலிருந்து இறக்குமதியானதல்ல, இங்கேயே நெடுங்காலமாக இருப்பது. பிரசவத்தில் செத்தவர்களைக் கண்ணால் கண்ட வீடுகளில் உண்டான அறிவு அது.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த இடுப்பு குறுகியது இல்லாமையால். சத்தில்லை, வெயிலில்லை. இல்லாமையால் வந்த கோணலுக்கு மருத்துவம் கண்ட மருந்து இன்னொரு இல்லாமை. வீட்டையோ ஆலையையோ சந்தையோ அது தொடவில்லை. தொடக்கூடிய ஒரே பொருளாகக் கையருகே இருந்தது தாயின் வாய்.

வேறு மாதிரியும் யோசிக்க முடிந்திருக்கும். அடுத்த ஆண்டே, 1890-இல், தியோபால்ட் பாம் என்பவர் யோசித்தார். ஜப்பானில் மிஷனரி மருத்துவராக இருந்துவிட்டு இங்கிலாந்து திரும்பியவர். ஜப்பானில் காணாத ரிக்கெட்ஸை ஊருக்கு வந்ததும் தெருவெல்லாம் கண்டார். சீனா, இந்தியா என்று பல நாடுகளிலிருந்த மிஷனரி மருத்துவர்களுக்குக் கடிதம் போட்டுத் தகவல் சேர்த்து, நோய் எங்கெல்லாம் இருக்கிறது என்று வரைபடம்போல் அடுக்கிப் பார்த்தார். வெயில் குறைந்த இடத்தில்தான் நோய் இருக்கிறது, குழந்தைகளை வெயிலில் விடுங்கள் என்று எழுதினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாயின் தட்டைக் குறைப்பது சுலபம், ஒரு சீட்டு எழுதினால் போதும். நகரத்துக்கு வெயிலைக் கொண்டுவர வேண்டுமென்றால் நகரத்தையே இடிக்க வேண்டும்.

1919-இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி புற ஊதா விளக்கு காட்டி ரிக்கெட்ஸ் குழந்தைகளைக் குணமாக்கினார். அதே காலத்தில் லண்டனில் மெல்லன்பி நாய்க்குட்டிகளுக்குக் காட் மீன் ஈரல் எண்ணெய் கொடுத்து நோயைத் தடுத்துக் காட்டினார். 1922-இல் மெக்காலம் அந்தச் சத்துக்கு 'டி' என்று எழுத்துப் போட்டார். பாலிலும் மார்கரினிலும் அதைச் சேர்த்த பிறகு, ஒரு தலைமுறைக்குள் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் அந்த நசுங்கிய இடுப்பு அரிதாகிவிட்டது. பிறகு பெனிசிலின் வந்தது. சிசேரியன் பயமும் குறைந்தது. ஆக, ப்ரோக்கோவ்னிக்கின் உணவுமுறைக்கு இனி வேலையில்லை.

இங்கேதான் வரலாறு சுவாரசியமாகிறது. காரணம் போன பிறகும் கட்டளை போகவில்லை. அது வேறொரு காரணத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டது. முதல் உலகப்போரின்போது ஜெர்மனியில் உணவுப் பற்றாக்குறையோடு கர்ப்பகால வலிப்பும் குறைந்ததாகச் சொன்னார்கள். உடனே, எடை ஏறினால் வலிப்பு வரும் என்றாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க மருத்துவர்கள் கர்ப்பிணி 15 அல்லது 20 பவுண்டுக்கு மேல் ஏறக் கூடாது என்று பிடித்துவைத்தார்கள். 1950, 60-களில் பசியை அடக்க ஆம்பெட்டமின், நீரை வெளியேற்ற மாத்திரை, உப்பில்லாச் சாப்பாடு எல்லாம் கர்ப்பிணிகளுக்குத் தரப்பட்டன. இடுப்பு நன்றாக இருந்த பெண்கள் அவர்கள். கடைசியில் 1970-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் குழு உட்கார்ந்து பார்த்து, இந்தக் கட்டுப்பாட்டுக்கு ஆதாரமில்லை, எடை குறைந்த பிள்ளைகள் பிறப்பதற்கு இது காரணமாகலாம் என்று சொல்லி, சராசரியாக 24 பவுண்டு ஏறலாம் என்றது. ஹாம்பர்க்கிலிருந்து அங்கே வந்துசேர 81 வருஷம். அந்த 81 வருஷத்தில் பசித்துக் கிடந்தவர்களுக்கு வரலாற்றில் அடிக்குறிப்புகூட இல்லை.

*

இதே எலும்பு இந்தியாவில் வேறு மொழியில் பேசப்பட்டது. அங்கே சந்து, புகை, இங்கே பர்தா.

1922-இல் ஹட்சிசனும் ஷாவும் நாசிக்கிலிருந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வசதியுள்ள வீடுகளில், பர்தா முறையில் உள்ளறையில் வைத்து வளர்க்கப்பட்ட குழந்தைகளிடமும் பெண்களிடமும் ரிக்கெட்ஸ் இருந்தது. பாலும் நெய்யும் இல்லாமல் வெளியில் வேலை செய்த ஏழைகளிடம் அது இல்லை. காஷ்மீரில் பணியாற்றிய மருத்துவர் காத்லீன் வான், 1928-இல் பர்தாவும் தாய்மையும் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். திறந்த நீரில் வாழும் படகுக்காரப் பெண்கள் சுலபமாகப் பிள்ளை பெறுகிறார்கள், வீட்டுக்குள் அடைபட்ட பெண்கள் இடுப்பெலும்பு உருகிச் சாகிறார்கள் என்பது அவர் கண்டது. வளர்ந்த பெண்ணுக்கு எலும்பு மெத்தென்றாகும் இந்த நோயை ஆஸ்டியோமலேசியா என்பார்கள். ஒவ்வொரு பிள்ளைப்பேறும் அதைக் கூட்டும். பீக்கிங்கில் இருந்த மாக்ஸ்வெல், ஷான்ஸி மாகாணத்துப் பெண்களிடம் இதை ஆராய்ந்து, தாயின் குறை வயிற்றுப் பிள்ளையின் எலும்பு வரை போகிறது என்று காட்டினார்.

பர்தா பற்றிய இந்த எழுத்தைக் காலனியக் கதையாடல் என்று ஒதுக்குவது நமக்குக் கைவந்த கலை. வெள்ளைக்காரப் பெண் மருத்துவர் கீழைத்தேயப் பெண்ணை அவளுடைய பண்பாட்டிலிருந்து மீட்க வருகிறார் என்ற வாய்ப்பாடு இதில் இருக்கத்தான் செய்கிறது. தன் ஊர் கிளாஸ்கோவில் இதே நோய் வந்தபோது எந்த மதத்தின் மீதும் பழி போடாதவர்கள், இங்கே வந்ததும் மதத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் நாசிக் ஆய்வை இன்னொரு விதமாகவும் வாசிக்கலாம். நிழல் யாருக்குக் கிடைத்தது? சூத்திர, பஞ்சமப் பெண்ணுக்கு நிழலில் நிற்க உரிமை இருந்ததில்லை. சாதிச் சுத்தத்தைக் காக்கப் பெண்ணை உள்ளே வைத்த வீடுகள்தான் அந்தச் சுத்தத்துக்கு அவள் எலும்பில் விலை கொடுத்தன. சென்னையில் 1885-இல் தொடங்கிய பெண்கள் மருத்துவமனைக்குப் பெயரே சாதி, கோஷா பெண்களுக்கான மருத்துவமனை. பொது ஆஸ்பத்திரியில் மற்றவர்களோடு படுக்க மாட்டாத உயர்சாதிப் பெண்களுக்கும் திரைக்குள் இருந்த முஸ்லிம் பெண்களுக்கும் தனியாக. இன்று அது கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. ஆட்டோக்காரர்களுக்கு இன்னும் கோஷா ஆஸ்பத்திரிதான்.

வெயிலில் நின்றவள் பிழைத்தாளா என்றால், அதுவும் இல்லை. 1928-இல் பம்பாய் வந்த லூசி வில்ஸ், ஆலைத் தொழிலாளப் பெண்கள் கர்ப்பத்தில் ரத்தம் செத்துச் சாவதைக் கண்டார். எலும்பு நேராகத்தான் இருந்தது, தட்டில்தான் ஒன்றுமில்லை. மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு கொடுத்துப் பார்த்து, பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்ட சத்தை நோக்கி வழி காட்டினார். 1931-இல் சென்னையில் அந்தக் கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்திருக்கிறார். வெளியே நிற்கும் உழைக்கும் பெண்ணை 'ஆரோக்கியம்' என்று காட்டுகிற ஆசை வான் போன்றவர்களிடம் மட்டுமல்ல, நம் தோழர்களிடமும் உண்டு. லூசி வில்ஸின் பெண்களை அவர்கள் பார்க்க வேண்டும்.

1962-இல் நோய் கிளாஸ்கோவுக்கே திரும்பியது. இந்தமுறை பாகிஸ்தானிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் வீடுகளில். டன்னிகனும் சகாக்களும் அதை எழுதினார்கள். சப்பாத்தி, சைவம், உடை என்று பட்டியல் நீண்டது. 1981-இல் 'ரிக்கெட்ஸை நிறுத்து' என்று பிரசாரமே நடந்தது. பிரிட்டிஷ் தொழிலாளி வர்க்கத்துக்கு இதே நோய் இருந்தபோது 1940-இல் மார்கரினில் கட்டாயமாக டி கலந்தார்கள். அவர்களுடைய ரொட்டியை மாற்றச் சொல்லவில்லை. சப்பாத்தி மாவில் கலக்கலாம் என்ற யோசனையை மட்டும் அரசு ஏற்கவில்லை. குடியேறியவள் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றது. இதை அங்கிருந்த கறுப்பின, ஆசியச் செயல்பாட்டாளர்கள் அப்போதே கேட்டார்கள்.

*

இனி எடைக்கு வருகிறேன். டி கொழுப்பில் கரையும் சத்து. 2000-இல் வொர்ட்ஸ்மனும் சகாக்களும் பருத்தவர்களையும் பருமனில்லாதவர்களையும் ஒரே அளவு புற ஊதா ஒளியில் நிறுத்திப் பார்த்தார்கள். தோலில் டி உண்டாவதற்கான மூலப்பொருள் இரு தரப்பிலும் வித்தியாசமில்லை. ஆனால் ரத்தத்தில் ஏறிய டி, பருத்தவர்களிடம் 57 சதவீதம் குறைவு. கொழுப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று முடிவு சொன்னார்கள். 2007-இல் பிட்ஸ்பர்க்கில் 400 கர்ப்பிணிகளை ஆராய்ந்த பாட்னரின் குழு, கர்ப்பத்துக்கு முன்பே பருமனாயிருந்த தாய்க்கும் அவள் பிள்ளைக்கும் டி குறைவாக இருக்கிறது என்றது.

அந்தச் சொல்லைக் கவனியுங்கள்: பிடித்து வைத்துக்கொள்வது. ரேஷன் கடை பாஷையில் சொன்னால் பதுக்கல். பருத்தவள் பதுக்கல்காரி. பிள்ளைக்குப் போக வேண்டியதைத் தன் மடிப்புகளில் ஒளித்துவைத்தவள். பிறகு 2012-இல் ட்ரின்சிக் என்பவரின் குழு கணக்குப் போட்டுப் பார்த்து, பதுக்கலெல்லாம் வேண்டியதில்லை, உடம்பின் கொள்ளளவு பெரியது, அதனால் அடர்த்தி குறைகிறது, அவ்வளவுதான் என்றது. அண்டா நிறையத் தண்ணீரில் ஒரு பிடி உப்புப் போட்டால் கரிக்காது. அண்டா உப்பைத் திருடிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. விளைவு இரண்டிலும் ஒன்றே: பெரிய உடம்புக்குக் கொஞ்சம் கூடுதல் வேண்டியிருக்கும். ஆனால் முதல் வாக்கியத்தில் அவள் குற்றவாளி, இரண்டாவதில் அவள் வெறும் பெரிய உடம்பு. டாக்டர் என்னிடம் சொன்னது முதல் வாக்கியத்தின் பேரப்பிள்ளை.

'பருமன்' என்பதும் சும்மா வந்ததல்ல. உயரத்தையும் எடையையும் வகுத்துப் போடும் பி.எம்.ஐ. என்ற கணக்கு, பெல்ஜியத்துக் கெட்லே 1830-களில் 'சராசரி மனிதன்' தேடியபோது போட்டது. 1972-இல் ஆன்சல் கீஸ் அதற்கு இன்றைய பெயரை வைத்தபோது அளந்தவர்கள் ஏழாயிரத்துச் சொச்சம் பேர். அத்தனையும் ஆண்கள். அதை வைத்துத்தான் 2009-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் கர்ப்பிணிகளைத் தரம் பிரித்தது: மெலிந்தவள் பதினெட்டு கிலோ வரை ஏறலாம், பருமனானவள் ஐந்திலிருந்து ஒன்பது.

'தேவை' என்கிறோமே, அதன் கதியைப் பாருங்கள். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு அமெரிக்காவில் 600 யூனிட். பிரிட்டனில் 400, பி.எம்.ஐ. முப்பதுக்கு மேலானவளுக்கு ஆபத்து அதிகம் என்பார்கள், அளவு அதேதான். உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் வேண்டாம், குறை இருக்குமென்று தோன்றினால் 200 கொடுக்கலாம் என்று 2020-இல் சொன்னது. நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம் 2011-இல் பருத்தவர்களுக்கு இரண்டு மூன்று மடங்கு வேண்டும் என்றது. அதே சங்கம் 2024-இல், கர்ப்பிணிகள் டி எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பருமனானவர்கள் என்பதற்காக வழக்கமாக ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை என்றது. முன்பு தான் வைத்த இலக்கு எண்ணையும் கைவிட்டது. இவர்கள் அயோக்கியர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆதாரம் மாறினால் எண் மாறத்தான் வேண்டும். ஆனால் மாறுகிற எண்ணை மாறாத தீர்ப்பாக வரிசையில் சத்தம் போட்டுச் சொல்கிறார்களே, அதுதான்.

உடம்பும் சும்மா இருப்பதில்லை. பிள்ளையின் எலும்புக்குச் சுமார் 30 கிராம் கால்சியம் வேண்டும், பெரும்பகுதி கடைசி மூன்று மாசத்தில். அதற்காகத் தாயின் ரத்தத்தில் டியின் செயல்வடிவம் இரண்டு மூன்று மடங்கு ஏறுகிறது. குடல் கால்சியத்தை முன்னைவிட இரு மடங்கு உறிஞ்சுகிறது. யாரும் சீட்டு எழுதாமலே அவள் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. எல்லையில்லாத ஏற்பாடு அல்ல. இருப்பு அடியோடு வற்றினால் ஷான்ஸியில் நடந்ததுதான் நடக்கும்.

2005-இல் லக்னோவில் கர்ப்பிணிகளை ஆராய்ந்தபோது 84 சதவீதம் பேருக்கு டி குறைவு. நகரத்துப் பெண்ணுக்கும் கிராமத்துப் பெண்ணுக்கும் வித்தியாசமில்லை. மைசூரில் 2009-இல் வெளியான ஆய்வில் மூன்றில் இரண்டு பேருக்குக் குறைவு. ஆனால் அதற்கும் பிள்ளையின் அளவுக்கும், கர்ப்பகாலச் சர்க்கரைக்கும் தொடர்பு தெரியவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் எடை கூடியவர்கள், 12.6 சதவீதம் பேர் மெலிந்தவர்கள். நூற்றுக்கு எண்பது பேருக்குக் குறை என்றால் அது தனியொருத்தியின் கொழுப்பில் தேட வேண்டிய விஷயமா? காலை எட்டுக்குக் கம்பெனி வேனில் ஏறி இருட்டிய பிறகு இறங்குகிறவள், மொட்டை மாடிக்குப் போக வீட்டுக்காரரிடம் சாவி கேட்க வேண்டியவள், கறுத்துவிடுவோம் என்று குடைக்குள் நடக்கப் பழக்கப்பட்டவள்: இவர்களுக்கு டி எங்கிருந்து வரும்? கறுப்புக்கு வெயில் அதிக நேரம் வேண்டும். கறுப்புக்கே வெயிலைத் தடை செய்து வைத்திருக்கிறோம்.

பாக்கெட்டைக் குடித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மருந்து வேண்டாம் என்று சொன்னதாக யாராவது எழுதுவார்கள். எலும்பு பிரதியல்ல, அது வளைந்தால் வளைந்ததுதான். வாசிப்பு வட்ட நண்பரிடம் பிறகு இதைச் சொன்னேன். யோசிக்க வேண்டும் என்றார். சோற்றை மட்டும் குறைக்கவில்லை. அம்மாவிடம் ஹாம்பர்க் கதையைச் சொன்னபோது முழுக்கக் கேட்டுவிட்டு, "தண்ணி கூடவா குடுக்கல?" என்று அதை மட்டும் கேட்டாள்.

ஏழாம் மாசம் மறுபடி அதே வரிசை. எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு இருபத்தி இரண்டு வயசிருக்கும். முகம் வெளிறி, சுவரில் சாய்ந்துகொண்டே நின்றாள். என்னம்மா என்றேன். "காலைல ஒண்ணும் சாப்புடலக்கா. இன்னைக்கு வெயிட் பாப்பாங்கல்ல, போன தடவ எல்லார் முன்னாடியும் திட்டினாங்க." பையில் வாழைப்பழம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "நிறுத்ததுக்கப்புறம் சாப்புடுறேங்க்கா" என்றாள். வரிசையில் அவளுக்கு முன்னால் இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள்.